ஐந்தாண்டு வெள்ளி

பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குள் நுழைந்ததும் கையிலுள்ள ஒலி வழிகாட்டி எண்களை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறது. நீளம் 73 மீட்டர், அகலம் பத்தரை மீட்டர், உயரம் 12 மீட்டருக்குச் சற்று மேல். தோட்டத்தைப் பார்த்தபடி 17 சன்னல்கள், எதிர்ச்சுவரில் 17 கண்ணாடி வளைவுகள், மொத்தம் 357 கண்ணாடிகள். எண்கள் தீர்ந்ததும் அது அடுத்த அறைக்குப் போகச் சொல்கிறது. கூட்டமும் போய்விடுகிறது. நான் மட்டும் அங்கே இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு நின்றேன்.

இன்று அந்த மண்டபம் முழுக்கத் தங்க நிறம். விளக்கேந்தி நிற்கும் பெண் உருவங்கள் தங்கம், தூண்களின் தலை தங்கம், கூரையின் சட்டங்கள் தங்கம். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி அதைக் கட்டி முடித்தபோது கண்ணுக்கு முதலில் பட்டது இந்தத் தங்கமாக இருந்திருக்காது. மேசைகள், முக்காலிகள், ஆளுயர விளக்குத் தண்டுகள், சரவிளக்குகள், பூச்சாடிகள், ஆரஞ்சு மரங்கள் நின்ற தொட்டிகள் என்று அங்கே இருந்தவை பெரும்பாலும் கெட்டி வெள்ளி. மரத்தின்மேல் தகடு அடித்தவை சில உண்டு. வார்த்து, தட்டி, செதுக்கிய முழு வெள்ளியே மிகுதி. மண்டபம் 1684 நவம்பரில் முழுமை பெற்றது. 1689 டிசம்பரில் அந்த வெள்ளியை உருக்கச் சொல்லி அரசரே ஆணையிட்டார். நடுவில் இருந்தது ஐந்தே ஆண்டுகள்.

உலகின் மிகப் புகழ்பெற்ற அறை, தனக்கென்று வடிவமைக்கப்பட்ட கோலத்தில் வாழ்ந்தது அவ்வளவுதான். அதற்குப் பிந்தைய முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் எல்லாம் மாற்று ஏற்பாடு. இது மனத்தில் பதிந்த பிறகு அந்த அறையைச் சுற்றுலாக்காரனின் கண்ணால் என்னால் பார்க்க முடியவில்லை.

முதலில் சுவரிலிருந்து தொடங்குகிறேன். சுவர் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் முன்பு திறந்த மேல்மாடம் ஒன்று இருந்தது. லூயி லெ வோ என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது. ஒருபுறம் அரசரின் அறைகள், மறுபுறம் அரசியின் அறைகள், இடையில் வெட்டவெளி. மழை பெய்தால் நனைய வேண்டும். தண்ணீர் கீழ்த்தளத்துக்கும் இறங்கியது. 1678-இல் ழூல் அர்துவான் மான்சார் என்ற கட்டடக் கலைஞர் அந்த மாடத்தை மூடி மண்டபமாக்கும் வேலையைத் தொடங்கினார். ஆக இந்த மண்டபத்தின் அடிப்படை வேலை நடைபாதையாக இருப்பது. அரசர் நாள்தோறும் பூசைக்குப் போகும் வழி இதுதான். மனுக் கொடுக்க வருபவர்களும், முகம் காட்ட வந்த பிரபுக்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இங்கேதான் காத்து நின்றார்கள். அரண்மனைக்குள் நுழைய ஆண்களுக்குத் தொப்பியும் இடுப்பு வாளும் வேண்டும். வாள் இல்லாதவர்களுக்கு வாயிலிலேயே வாடகைக்குக் கிடைத்தது. ஒரு நடைபாதைக்கு இவ்வளவு ஜோடனையா என்றால், ஆமாம், அதுதான் கணக்கு. அரியணை அறைக்கு அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே போவார்கள். நடைபாதையை எல்லோரும் கடந்தாக வேண்டும்.

அந்த நடைபாதையின் சுவருக்குக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்ததில் கலையைவிட வாணிகம் அதிகம். பதினேழாம் நூற்றாண்டில் நல்ல நிலைக்கண்ணாடி என்றால் வெனிஸ். முரானோ தீவின் உலைகளிலிருந்து வருவது. தொழில் ரகசியம் வெளியே போகாமல் வெனிஸ் குடியரசு கடுமையாகக் காவல் காத்தது. விலையோ தலை சுற்றும். நிதி அமைச்சர் கோல்பேர் 1683-இல் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில், வெள்ளிச் சட்டமிட்ட வெனிஸ் கண்ணாடி ஒன்றின் மதிப்பு 8,000 லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல். ரஃபேலின் ஓவியம் ஒன்றின் மதிப்பு 3,000. பணம் நாட்டைவிட்டுப் போவதைப் பொறுக்காத அதே கோல்பேர்தான் 1665-இல் பாரிஸில் அரசு உரிமம் பெற்ற கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவியவர். முரானோ தொழிலாளர்களை ஆசை காட்டி ரகசியமாக அழைத்து வந்தார்கள். வெனிஸின் தூதர்கள் அவர்களைத் திரும்ப இழுக்கக் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். ஓரிருவர் திடீரென்று செத்தபோது நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று பாரிஸில் பேச்சு பரவியது. அந்தத் தொழிற்சாலையின் வழிவந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. சேன்-கோபான் என்ற பெயரில் உலகமெங்கும் கண்ணாடி விற்கிறது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் கண்ணாடிச் சுவர் ஒரு நிரந்தரப் பொருட்காட்சி. வெனிஸ்காரர்களுக்கு முன்னால் தட்டி வைத்த வியாபார விளம்பரம். வெளிநாட்டுத் தூதர் ஒருவர் அந்த 73 மீட்டரை நடந்து முடிப்பதற்குள் பிரான்ஸ் இனி கண்ணாடியை வெளியிலிருந்து வாங்காது என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

ஒவ்வொரு வளைவும் ஒரே கண்ணாடி இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு வளைவுக்கு 21 துண்டுகள். காரணம் அழகு உணர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தொழில்நுட்பம்தான் காரணம். அன்றைக்குக் கண்ணாடியை ஊதித்தான் செய்தார்கள். உருகிய கண்ணாடியை நீள உருளையாக ஊதி, நெடுக வெட்டி, சூட்டிலேயே விரித்துத் தட்டையாக்கி, மணலும் குருந்தக்கல் பொடியும் போட்டுத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒரு மனிதனின் மூச்சுக்கு எட்டிய அளவுதான் கண்ணாடியின் அளவு. உருகிய கண்ணாடியை மேசையில் ஊற்றிப் பெரிய பலகைகளாக வார்க்கும் முறை 1680-களின் இறுதியில்தான் கைகூடியது. அதற்குள் மண்டபம் முடிந்துவிட்டது. துண்டுகள் சேரும் கோடுகளின் மேல் பொன் முலாம் பூசிய உலோகச் சட்டங்களை ஓட்டி, எதிரே உள்ள சன்னலின் கட்டங்கள் போலவே தோன்றும்படி மான்சார் அமைத்துவிட்டார். குறையை மறைத்த சாமர்த்தியம்தான் இன்று பாணி என்று புகழப்படுகிறது.

ரசம் பூசும் வேலை கொடுமையானது. வழவழப்பான கல் மேடைமேல் வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றிப் பரப்பி, கண்ணாடியை ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளி ஏற்றுவார்கள். இடையில் காற்றுக் குமிழி சிக்கக் கூடாது. பிறகு எடைகளை வைத்து அழுத்தி, மேடையைச் சாய்த்து, மிச்ச பாதரசம் வடியும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கம் வந்தது, பல் கொட்டியது. அரசரின் பெயரும் ஓவியரின் பெயரும் கட்டடக் கலைஞரின் பெயரும் வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. மேடையைச் சாய்த்துப் பிடித்த கைகள் யாருடையவை என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

இந்தப் பழைய ரசத்துக்கு ஒரு குணம் உண்டு. இன்று வீட்டில் மாட்டும் கண்ணாடிபோல அது பளீரென்று முகத்தைத் திருப்பித் தராது. சற்றே நீலம் கலந்த சாம்பல் நிறம். முகம் ஒரு படி இருண்டு தெரியும். மண்டபம் மேற்குப் பார்த்தது. மாலையில் தோட்டத்தின் நீர்த்தடாகங்களில் விழுந்த வெயில் சன்னல் வழியே வந்து கண்ணாடியில் விழும்போது அந்த மங்கல் ஒரு நன்மை செய்கிறது: கண் கூசுவதில்லை. 2004 முதல் 2007 வரை நடந்த பெரிய புதுப்பிப்பின்போது சேதமானவற்றை மட்டும் மாற்றினார்கள். கண்ணாடிகளில் பெரும்பகுதி இன்றும் அன்றைய கண்ணாடிகளே. அந்த வகையில் இந்த அறையில் மிகவும் உண்மையான பொருள், எளிதில் உடையக்கூடியது என்று எல்லோரும் நினைக்கும் பொருள்தான்.

இப்போது கூரை. கழுத்து வலிக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும்.

ஷார்ல் லெ ப்ரன் அரசரின் தலைமை ஓவியர். அரண்மனைக்குத் திரைச்சீலையும் சாமான்களும் செய்த கோபலின் தொழிற்கூடத்தின் தலைவரும் அவரே. திரைச்சீலையிலிருந்து கதவுப் பூட்டுவரை எது எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்த மனிதர். கூரைக்கு அவர் முதலில் யோசித்தது அப்போலோவின் கதை. பிறகு ஹெர்குலிஸின் சாகசங்கள். இரண்டையும் தள்ளிவிட்டு, அரசரையே வரையுங்கள் என்று முடிவு வந்தது. புராணத்தின் இடத்தில் நடப்பு அரசியல். 1661-இல் அரசர் ஆட்சியைத் தன் கையில் எடுத்ததிலிருந்து 1678-இல் ஹாலந்துப் போர் முடிந்ததுவரை முப்பது காட்சிகள். கிரேக்க தேவதைகள் இருக்கிறார்கள், ஆனால் வேலைக்காரர்களாக. நடுநாயகமாக, ‘அரசர் தாமே ஆள்கிறார்’ என்ற ஓவியம். ரோமானியப் போர்க்கவசமும் அன்றைய நாகரிகப் பொய்முடியுமாக லூயி அமர்ந்திருக்கிறார். அதற்கு நேர் எதிரே ஜெர்மனி, ஸ்பெயின், ஹாலந்து மூன்றும் செருக்கு மிகுந்த பெண்களாக. பிறகு காட்சிக்குக் காட்சி அவர்கள் அடி வாங்குகிறார்கள். ரைன் ஆற்றைக் கடந்த 1672-ஆம் ஆண்டுச் சம்பவத்தில் லூயி இடியேந்திய கடவுள்போலத் தேரில் பாய்கிறார்.

எனக்கு லெ ப்ரன் பெரிய ஓவியராகத் தோன்றவில்லை. அவர் பெரிய நிர்வாகி. வண்ணங்களில் உயிர்ப்பு குறைவு, உடல்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிகின்றன, எல்லா முகமும் ஒரே வியப்பில் வாய் பிளக்கிறது. ஆனால் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பை நாலு வருடத்தில் முடித்து, அதைச் சுவரோடும் தூணோடும் சாமான்களோடும் ஒரே கையெழுத்தாக இணைப்பது வேறு வகைத் திறமை. ஒட்டுத்தூண்களின் தலைக்கு அவர் புதிய வடிவமே உருவாக்கினார்: கிரேக்க, ரோமானிய இலைகளுக்கு நடுவே பிரான்ஸின் சேவல்களும் அரச லில்லி மலரும் சூரியனும். கட்டடக் கலைக்கே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக் கொடுத்த மாதிரி.

ஓவியங்களுக்கு அடியில் எழுதிய வாசகங்களைப் பற்றி ஒரு சுவையான சங்கதி. முதலில் பிரெஞ்சுக் கழகத்தைச் சேர்ந்த ஷார்பாந்தியே என்பவர் எழுதினார். அடைமொழிக்கு மேல் அடைமொழி. படித்தவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. அவற்றை அழித்துவிட்டு, கவிஞர்களான ரசீனையும் புவாலோவையும் கொண்டு சுருக்கமான வரிகளாக மாற்றி எழுத வைத்தார்கள். நாடகத்தில் பாத்திரங்களை அழவைத்த ரசீன், அரண்மனைக் கூரையில் நாலைந்து சொல்லுக்குள் நிறுத்திக்கொண்டார். புகழ்ச்சிக்கும் ஓர் அளவு வேண்டும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. படத்துக்கு அந்த அளவுகோலை ஏன் பயன்படுத்தவில்லை என்று தெரியவில்லை.

இந்தக் கூரைக்குக் கீழேதான் வெள்ளி நின்றது.

அதைச் செய்தவர்கள் கோபலின் தொழிற்கூடத்திலும் பாரிஸின் லூவ்ர் அரண்மனையிலும் வேலை செய்த பொற்கொல்லர்கள். குளோத் பாலான் அவர்களில் முதன்மையானவர். சாமான்கள் ஏறத்தாழ 200, எடை ஏறத்தாழ 20 டன். வெறும் எடை என்று நினைத்துவிடக் கூடாது. விளக்குத் தண்டுகளில் மனித உருவங்கள், குடுவைகளில் கடல் கன்னிகள், தாம்பாளங்களில் போர்க்காட்சிகள். எண்ணிப் பாருங்கள்: மாலை மங்கியதும் மெழுகுவத்திகளை ஏற்றுகிறார்கள். சாம்பல் நீலக் கண்ணாடி, வெள்ளி, சன்னல்களில் பொன் சரிகையிட்ட வெள்ளைப் பட்டுத் திரைகள், வெள்ளித் தொட்டியில் நிற்கும் ஆரஞ்சு மரத்தின் பச்சை இலை. இன்று நாம் காணும் தேன் நிறத்துக்கும் அந்தக் குளிர்ந்த ஒளிக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. லெ ப்ரனின் கனத்த வண்ணங்கள்கூட அந்த ஒளியில் எடுபட்டிருக்கலாம். அவர் அந்த வெளிச்சத்துக்காகத்தானே வரைந்தார்.

1685 மே மாதம் ஜெனோவா குடியரசின் தலைவர் இங்கே வந்து நின்றார். அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சுக் கப்பற்படை ஜெனோவாவைக் குண்டு போட்டுத் தகர்த்திருந்தது. பதவியில் இருக்கும் தலைவர் நகரைவிட்டு வெளியேறக் கூடாது என்பது ஜெனோவாவின் சட்டம்; அதை மீறி அவரே நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது லூயியின் நிபந்தனை. மண்டபத்தின் ஒரு கோடியில் மேடை போட்டு, வெள்ளி அரியணையை ஏற்றி வைத்தார்கள். அவர் முழு நீளத்தையும் நடந்து வந்தார். வெர்சாயில் உங்களை மிகவும் வியக்க வைத்தது எது என்று பின்னர் யாரோ கேட்டதற்கு, ‘நான் இங்கே இருப்பதுதான்’ என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டுத் தூதர் கோசா பான் தலைமையில் ஒரு குழு. மீண்டும் அதே மேடை, அதே வெள்ளி. சயாம் தூதர்கள் அரசரை நோக்கிக் கைகூப்பித் தரைவரை குனிந்து வணங்கினார்கள். வெளியேறும்போது முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்தார்கள். பிரெஞ்சுப் பிரபுக்களுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. தங்கள் அரசர் சட்டை போடும்போது அதன் கையைப் பிடிக்கும் பாக்கியத்துக்கு அடித்துக்கொண்டவர்கள்தான் அவர்களும்.

1688-இல் அடுத்த போர் தொடங்கியது. ஒருபுறம் பிரான்ஸ் மட்டும். மறுபுறம் ஹாலந்து, ஸ்பெயின், ஜெர்மானிய அரசுகள், இங்கிலாந்து. அதாவது கூரையில் தோற்றுக் கிடக்கும் அதே மூன்று பெண்கள், துணைக்கு இன்னொருத்தியோடு. கஜானாவில் பணம் இல்லை. 1689 டிசம்பரில் வெள்ளி முழுவதும் தங்கசாலைக்குப் போகட்டும் என்றார் லூயி. பிரபுக்களும் தங்கள் வீட்டு வெள்ளியைக் கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மாதக்கணக்கில் உருக்கினார்கள். அவசரத்துக்கு நகையை விற்கப் போகும் எந்தக் குடும்பமும் அறிந்த உண்மையை அரசரும் அப்போது அறிந்துகொண்டார்: உருக்கினால் உலோகத்தின் விலைதான் தேறும், செய்கூலி திரும்பி வராது. கைக்கு வந்த தொகை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பாலான் 1678-இலேயே இறந்துபோயிருந்தார். தன் வாழ்நாள் உழைப்பு நாணயமாகி, படைவீரனின் சம்பளமாகி, ஏதோ ஒரு சாராயக் கடைக்குப் போனதைப் பார்க்க அவர் இல்லை.

போர் ஒன்பது ஆண்டுகள் நீண்டு, யாருக்கும் பெரிய வெற்றி இல்லாமல் 1697-இல் முடிந்தது. இடையில் 1695-ஆம் ஆண்டுக் குளிரில் அரசரின் உணவு மேசையிலேயே தண்ணீரும் திராட்சை மதுவும் உறைந்துபோனதாக லூயியின் தம்பி மனைவி கடிதம் எழுதியிருக்கிறார். இத்தனை பளிங்கும் கண்ணாடியும் இருந்தும் அரண்மனையைச் சூடாக வைக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

வெள்ளியை உருக்கியதை லூயியின் தியாகம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அரசர்கள் அறையை வெள்ளியால் நிரப்பியதன் காரணங்களில் ஒன்றே, வேண்டும்போது உருக்கலாம் என்பது. பளிங்கை உருக்க முடியாது, ஓவியத்தை உருக்க முடியாது. வெள்ளி மேசை என்பது கண்ணில் படும்படி நிறுத்திவைத்த கையிருப்பு. எதிரியின் தூதர் அதைப் பார்க்கும்போது கலையோடு சேர்த்து எத்தனை படைப்பிரிவு என்றும் கணக்குப் போட்டிருப்பார். ஆகவே அந்தச் சாமான்கள் கடைசியில் போர்க்களத்துக்குப் போனது விபத்தே இல்லை. அவை பிறந்ததிலிருந்தே அதற்கும் தயாராக இருந்தவை. வருத்தம் பாலானின் உளிக்காக மட்டும்.

அந்த வெள்ளி எப்படி இருந்தது என்று நமக்குச் சொல்வது பெரும்பாலும் கம்பளி நூல். லூயியின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நெய்த திரைச்சீலை வரிசையில், அவர் 1667-இல் கோபலின் தொழிற்கூடத்தைப் பார்வையிட்ட காட்சி ஒன்று இருக்கிறது. தொழிலாளர்கள் பெரிய பெரிய வெள்ளிப் பாத்திரங்களைச் சுமந்து வந்து அரசர் முன் வைக்கிறார்கள். லெ ப்ரன் வரைந்து கொடுத்தது. உலோகம் போய்விட்டது, கம்பளியும் பட்டும் நின்றுவிட்டன. லூயியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட மற்ற அரசர்களின் வெள்ளியில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. கோப்பன்ஹேகனின் ரோசன்போர்க் கோட்டையில் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் அரியணையைக் காத்துக்கொண்டு நிற்கின்றன. இங்கிலாந்தின் நோல் மாளிகையில் ஒரு வெள்ளி மேசையும் கண்ணாடிச் சட்டமும் இருக்கின்றன. 2007 இறுதியில் இவற்றில் பலவற்றைக் கடன் வாங்கி வெர்சாயிலேயே ஒரு கண்காட்சி நடத்தினார்கள்.

வெள்ளி போனபின் மண்டபம் பொழுதுக்குத் தக்கபடி வேடம் போடத் தொடங்கியது. விழா என்றால் கிடங்கிலிருந்து சாமான் வரும். முடிந்ததும் திரும்பிப் போகும். 1715 பிப்ரவரியில் பாரசீகத் தூதரைக் கிழட்டு லூயி இங்கேதான் வரவேற்றார், வைரங்கள் பதித்த உடையின் கனத்தில் தள்ளாடியபடி. அவ்வாண்டு செப்டம்பரில் இறந்துபோனார். 1745-இல் நடந்த முகமூடி நடனத்தில் பதினைந்தாம் லூயியும் நண்பர்களும் தோட்டத்தில் கத்தரித்துவிட்ட மரங்களைப்போல வேடமணிந்து வந்தார்கள். எந்த மரம் அரசர் என்று தெரியாமல் பெண்கள் திண்டாடினார்கள். கோஷன் என்ற ஓவியர் அந்த இரவை நுணுக்கமாக வரைந்து வைத்திருக்கிறார். 1770-இல் பின்னாளைய பதினாறாம் லூயிக்கும் மரி அந்துவானெத்துக்கும் திருமணம். அப்போது செய்தவைதான் விளக்கேந்தும் தங்க முலாம் பெண்கள், மரத்தில் செதுக்கியவை. இன்று வரிசையாக நின்று எல்லோருடைய புகைப்படத்திலும் விழுபவை அவற்றின் மாதிரிப்படி இருபதாம் நூற்றாண்டில் வார்த்த பிரதிகள்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது மிச்சமும் போனது. போகிறபோக்கில் ஒன்று சொல்கிறேன். சயாம் அரசர் லூயிக்கு அனுப்பிய பரிசுகளில் வெள்ளி வேலைப்பாடு செய்த இரண்டு பீரங்கிகள் இருந்தன. அவை பாரிஸில் அரசரின் சாமான் கிடங்கில் அலங்காரப் பொருள்களாகத் தூங்கிக்கொண்டிருந்தன. 1789 ஜூலையில் மக்கள் அந்தக் கிடங்கை உடைத்து, அவற்றை இழுத்துக்கொண்டு பஸ்தி சிறைக்குப் போனார்கள். அரண்மனைப் பொருள்கள் போருக்குப் போகும் வழக்கத்தில் கடைசி முறை திசை மட்டும் மாறியிருந்தது.

1793 ஆகஸ்ட் முதல் 1794 ஆகஸ்ட் வரை வெர்சாயின் சாமான்களை ஏலம் போட்டார்கள்: 17,182 ஏலத் தொகுதிகள். நாற்காலி, கட்டில், கடிகாரம், சமையல் பாத்திரம். ஐரோப்பாவின் பணக்கார வீடுகள் நிரம்பின. மண்டபத்து மாடங்களில் நின்ற பழங்காலச் சிலைகளில் ஆர்ல் நகரத்து வீனஸும் மானோடு ஓடும் டயானாவும் லூவ்ருக்குப் போயின. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. சுவரோடு ஒட்டியது, கூரையோடு ஒட்டியது, இவை மட்டும் தங்கின.

வெறுமையான அந்த அறையைத்தான் 1871-இல் ஜெர்மானியர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பாரிஸை முற்றுகையிட்டிருந்த பிரஷ்யப் படையின் தலைமையிடம் வெர்சாய். அரண்மனையின் ஒரு பகுதியில் காயம்பட்ட படைவீரர்கள் படுத்திருந்தார்கள். ஜனவரி 18 அன்று, ஜெர்மனியின் தோல்விகள் வரைந்த கூரைக்குக் கீழே, ஜெர்மானியப் பேரரசைப் பிரகடனம் செய்தார்கள். ஆன்டன் ஃபான் வெர்னர் என்ற ஓவியர் அதைப் பலமுறை வரைந்தார். எஞ்சியிருக்கும் ஒரு படத்தில் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் பளிச்சென்று வெள்ளைச் சீருடையில் நிற்கிறார். உண்மையில் அன்று அவர் அணிந்திருந்தது நீலம். கூரையில் லெ ப்ரன் செய்த அதே வேலை, இன்னொரு கட்சிக்காக.

1919 ஜூன் 28 அன்று பதிலடி. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் இரு பிரதிநிதிகளை அதே அறையில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுப் படைவீரர்களை அவர்கள் பார்வையில் படும்படி நிறுத்தியிருந்தார் பிரதமர் கிளெமான்சோ. வில்லியம் ஓர்பன் வரைந்த ஓவியம் லண்டனில் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மண்டபத்தைப் பற்றி வரைந்த படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தலைவர்கள் எல்லாம் கீழே ஒரு வரிசையில் பொம்மைகளாகச் சிறுத்துக் கிடக்கிறார்கள். மேலே முக்கால் பங்குக்குக் கண்ணாடிகளும் தூண்களும். கண்ணாடிகளில் எதிர்ச் சன்னல்கள் நெளிந்து உடைந்து தெரிகின்றன. உச்சியில் ‘அரசர் தாமே ஆள்கிறார்’ என்ற வாசகம் விழுகிறது. கூட்டத்தில் தலைப்பாகையோடு ஒரு முகம்: இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்ட பிகானிர் மகாராஜா கங்கா சிங். நாட்டை ஆளும் உரிமையே இல்லாத ஒரு நாடு, உலகச் சமாதானத்தில் ஒப்பமிட அழைக்கப்பட்டிருந்தது. ஓர்பன் அந்த அறையின் குணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அங்கே வந்து நிற்கும் யாரும் சாமான்கள்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அரண்மனைக்குச் சாமான்களைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. ஏலத்தில் போனவற்றை உலகெங்கும் தேடுகிறார்கள், சிலவற்றை நன்கொடையாகப் பெறுகிறார்கள், சிலவற்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். இந்தப் பசி எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பது 2016-இல் வெளிப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு நாற்காலிகள் என்று அரண்மனை வாங்கியவற்றில் சில, அண்மையில் செய்து பழமை ஏற்றியவை என்று தெரியவந்தது. அவற்றைச் செய்தவர்கள் துறைக்குப் புதியவர்களே இல்லை. ஒருவர் மதிக்கப்பட்ட நிபுணர், இன்னொருவர் பழைய நாற்காலிகளைப் பழுது பார்ப்பதில் பேர்போன மரச்செதுக்குக் கலைஞர். 2025-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியைவிடக் கேள்விதான் எழுந்தது. மண்டபத்தில் நிற்கும் தங்கப் பெண்கள் பிரதிகள் என்று அரண்மனையே அறிவித்துவிட்டால் அது புனரமைப்பு. நாற்காலிக்காரர் அறிவிக்காமல் விட்டதால் அது குற்றம். சட்டப்படி இரண்டும் வேறு. வேறாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பார்க்க வந்தவரின் கண்ணுக்கு?

வெள்ளியையும் கணினி உதவியோடு மறுபடி வார்த்து நிறுத்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இன்றைய தொழில்நுட்பத்துக்கு அது பெரிய காரியம் இல்லை. திரைச்சீலை ஓவியங்களும் பழைய வரைபடங்களும் ஓரளவு வழிகாட்டும். வேண்டாம் என்றேன். மரப் பெண்களைப் பிரதி எடுக்கலாம், அவை அலங்காரம் மட்டுமே. வெள்ளி மேசையின் பொருளே அதை உருக்க முடியும் என்பதில் இருந்தது. உருக்க யாருக்கும் அதிகாரமில்லாத, கயிறு கட்டிக் காவல் வைத்த வெள்ளி அங்கே நின்று என்ன சொல்லப் போகிறது? அவருக்கு இதில் உடன்பாடில்லை. பிரதியாக இருந்தாலும் அந்த நிறத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். மெழுகுவத்தி மட்டும் ஏற்றி, மின்விளக்கை அணைத்து, ஒரே ஓர் இரவுக்கு என்றால் நானும் டிக்கெட் வாங்குவேன்.